நாற்பது நாள் புளி

பானுப்பிரியாவும் நானும் விஸ்வநத்தத்தில் ஒரே தெரு, ஒரே வகுப்பு. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே குழாயடி மட்டும்தான். நான் போட்டோக்காரன், பெயர் சுந்தரபாண்டி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு எல்லாம் எடுப்பேன். இத்தனை வருஷமாக ஊர்ச் சனத்தை ‘சிரிங்க, சிரிங்க’ என்று கெஞ்சியே பிழைப்பு ஓடுகிறது. யார் எப்படிச் சிரிப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. பானுப்பிரியா சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பல் கட்டின பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் அந்தக் கையை அங்கேயே நிற்க வைத்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன், வயிற்றெரிச்சலோடுதான் சொல்லுவேன். நடுநிலையாகக் கேட்க வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

பத்தாவது முடித்ததும் பானுப்பிரியா கம்பி மத்தாப்பு கம்பெனிக்குப் போனாள். அப்பா சங்கிலிமுத்து அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். மத்தாப்பு மருந்தில் அலுமினியப் பவுடர் சேரும். சாம்பல் நிறம், மினுமினுப்பு. நாங்கள் சும்மா பவுடர் என்போம். அது நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்கு அசையாது. சாயங்காலம் வேன் வந்து இறக்கிவிட்டதும் பொம்பளைகள் எல்லாரும் குழாயடியில் குந்தி, புளியையும் கல்லுப்பையும் சேர்த்துக் கையைப் பரபரவென்று தேய்ப்பார்கள். பவுடர் போய்விடும்; கையெல்லாம் சிவந்திருக்கும்.

அந்தப் புளி கைக்கு மட்டும் இல்லை. மருந்து அறையில் தண்ணீர்க் குடம் வைக்கக் கூடாது. குடம் தூரத்தில் வேப்பமரத்தடியில் இருக்கும். தண்ணீர் தவிக்கிறது என்று எழுந்து போனால் அன்றைய கணக்குக் குறையும், போர்மேன் ஏசுவார். ஆகவே எல்லாரும் உப்புத் தொட்ட புளி உருண்டை ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். எச்சில் ஊறும், பவுடர்க் கசப்பும் தெரியாது. காலை எட்டு மணிக்கு அடக்கினால் சாயங்காலம் வரை உருண்டை மேல் உருண்டை. பானுப்பிரியாவும் அப்படித்தான் மூன்று வருஷம் இருந்தாள்.

பத்தொன்பது வயதில் அவளுடைய மேல் முன்பற்கள் நாலில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. ஈறை ஒட்டி, சுண்ணாம்புத் துளி தெறித்த மாதிரி. வலி இல்லை, கூச்சம் இல்லை. எங்கள் ஊரில் உடம்பில் எது ஒட்டியிருந்தாலும் அது பவுடர்தான். பல்லில் பவுடர் பிடித்துவிட்டது என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம்.

அந்த வருஷம் தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி மூடியிருந்த கார்த்திகையில் அவளைப் பெண் பார்க்க எம். புதுப்பட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை செல்வக்குமார், அவனுடைய அம்மா, அக்கா பொன்னுத்தங்கம். அந்த அக்காவின் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, வேல்விழி. அது வந்த கொஞ்ச நேரத்தில் பானுப்பிரியாவிடம் தாவி மடியில் உட்கார்ந்துகொண்டது. பானுப்பிரியாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அதை மறைக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்போதெல்லாம் வாயைப் பொத்த மாட்டாள்.

பொன்னுத்தங்கம் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “ஏம்மா, பல்லுல என்ன, பவுடர் பிடிச்சிருக்கா?”

“ஆமா மதினி.” கல்யாணமே ஆன மாதிரி மதினி என்று கூப்பிட்டுவிட்டாள் பைத்தியக்காரி.

“கையில பிடிச்சா புளி போட்டுத் தேய்க்கோம்ல? பல்லுக்கும் அதான். புளியும் கல்லுப்பும் சேத்துக் காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு நேரமும் தேயி. நாப்பது நாள்ல போயிரும். அப்புறம் பாத்துப் பேசுவோம்.”

இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வீடே நாற்பது நாள் ஓடியது. சங்கிலிமுத்து பழம்புளிதான் வேகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விருதுநகர் கமிஷன் கடை வரைக்கும் போய்க் கறுத்த புளியாக வாங்கி வந்தார். பானுப்பிரியா தேதிக் காலண்டரில் நாற்பதாவது தாளை மடக்கி வைத்தாள். நான் குழாயடியில் பல் விளக்கப் போகும்போதெல்லாம் அவள் விரலில் புளியைச் சுற்றிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருப்பாள். பதினைந்தாம் நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கண்ணில் நீர் வரும் அளவுக்குக் கூசியது. “வேல செய்யுதுலே, அதான் கூசுது” என்றாள். நானும் தலையை ஆட்டினேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

நாற்பதாவது நாள் வெள்ளைப் புள்ளி இல்லை. புள்ளி இருந்த இடத்தில் பல்லின் மேல்தோலே இல்லை. சொரசொரவென்று பழுப்பாகக் குழி விழுந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. சங்கிலிமுத்து எம். புதுப்பட்டிக்கு மூன்று தடவை நடந்த பிறகு, பொன்னுத்தங்கம் மட்டும் அம்மாவோடு வந்தாள். நிலைவாசலைத் தாண்டி உட்காரக்கூட இல்லை. “எங்க, சிரிக்கச் சொல்லுங்க பாப்போம்” என்றாள். பானுப்பிரியா சிரித்தாள். “ஆத்தாடி, சொத்தை விழுந்திருச்சே. பவுடரு உள்ள எறங்கிருச்சு போல” என்று சொல்லிவிட்டு, வைத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டாள்.

போனவள் சும்மா போகவில்லை. சம்பந்தத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் அதையே சொன்னாள். பவுடர் உள்ளே இறங்கின பெண், பிள்ளை தங்காது. எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு பரவ வேன்கள் போதும். காலையில் புதுப்பட்டியில் ஏறின பேச்சு சாயங்காலம் விஸ்வநத்தத்தில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு பானுப்பிரியாவைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. ஆறு வருஷம் தரகரைப் பார்த்து அலைந்த சங்கிலிமுத்து ஒரு நாள் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். செல்வக்குமாருக்கோ, பெண் பார்த்துவிட்டுப் போன அந்தத் தை மாசமே சாத்தூரில் கல்யாணம் நடந்திருந்தது.

அப்பா செத்த வருஷம் பானுப்பிரியா அந்த நாலு பல்லிலும் வலி தாங்க முடியாமல் சிவகாசிக்குப் போனாள். பல் டாக்டர் யோகேஸ்வரி; பெரிய வியாபாரக் குடும்பத்துப் பெண், ஆனால் கை மெதுவு, பேச்சும் மெதுவு. நாலையும் எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பல்செட் செய்து கொடுத்தார். பானுப்பிரியா கண்ணாடியைப் பார்க்காமல், தன் மனசில் இருந்ததைக் கேட்டாள். “மொதல்ல ஒரு வெள்ளைப் புள்ளி இருந்துச்சே, அது என்ன மேடம்?”

“அது அழுக்கு இல்லம்மா. பல்லுக்குள்ள இருக்கிற சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பிச்சதுக்கு அடையாளம். மேல்தோல் அப்ப உடைஞ்சிருக்காது. புளிப்பு நின்னாப் போதும், எச்சில்ல இருக்கிற சுண்ணாம்பே திரும்பப் போயி உள்ள உக்காந்து இறுகியிருக்கும். அப்பவே வந்திருந்தா ஊசிகூடப் போட்டிருக்க வேண்டாம்.”

“புளி போட்டுத் தேச்சேன் மேடம்.”

டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தாராம். பிறகு, “யாரும்மா சொன்னது?” என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த மாசமே மத்தாப்பு வேலையை விட்டுவிட்டு அந்த டாக்டரிடமே வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் தரை துடைத்தாள், பிறகு கருவிகளைக் கழுவினாள், பிறகு நாற்காலி பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷம். படித்தவர்கள் புத்தகத்தில் படிப்பதை இவள் கேட்டுக் கேட்டே படித்தாள். எதற்காகப் படித்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனக்கு நடந்தது என்ன என்று கடைசி எழுத்து வரைக்கும் தெரிந்துகொள்ளத்தான்.

ஒரு நாள் என் ஸ்டூடியோ மேசையில் இரண்டு முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று சாதாரண முட்டை. இன்னொன்றை முந்தின நாள் முழுக்கப் புளித்தண்ணீரில் போட்டு வைத்திருந்தாளாம். “தொட்டுப் பாருலே” என்றாள். விரலால் தேய்த்தேன். ஓட்டின் மேல்பூச்சு மாவு மாதிரி கையோடு வந்தது.

“இதான் நாப்பது நாளு நான் செஞ்சது. புளிப்பு பட்டதும் பல்லு எளகிக் குடுத்துரும். உள்ள இருக்கிற சுண்ணாம்பு வெளிய வந்துரும். சும்மா விட்டா, அரை மணி, ஒரு மணி நேரத்துல எச்சில் அந்தப் புளிப்பை அடக்கி, சுண்ணாம்பைத் திருப்பி உள்ள கொண்டு வச்சிரும். ஒவ்வொரு சோத்துக்கும் அதான் நடக்கு. ஆனா அதுக்கு நேரம் குடுக்கணும். நான் கன்னத்துல உருண்டையை அடக்கி நேரமே குடுக்கல. அப்புறம் எளகின பல்லுல கல்லுப்பைப் போட்டு வேற தேச்சேன். அரத்தை வச்சு ராவுன மாதிரி.” அவள் பையில் எப்போதும் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் இருக்கும். நாக்கில் வைத்தால் புளிப்பு இருந்தால் ஆரஞ்சாகும், அடங்கினால் பச்சையாகும். காப்பி குடித்துவிட்டு, கோலி சோடா குடித்துவிட்டு, வேலை இல்லாத நேரத்தில் எல்லாம் வைத்து வைத்துப் பார்ப்பாள்.

இன்னொன்றும் அவள் கற்றுக்கொண்டாள். டாக்டர் ஒரு தடவை மதுரையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து சொன்னாராம். வெள்ளைப் புள்ளியை இறுக்க வைக்கிற மருந்து நீர் கொஞ்சமும் புளிப்பில்லாமல் இருந்தால் மேல்தோல் சட்டென்று மூடிக்கொள்கிறது, உள்ளே பொக்கு அப்படியே நிற்கிறது. லேசாகப் புளிப்பு இருந்தால் சுண்ணாம்பு ஆழமாக உள்ளே போகிறது. ஆனால் அந்த நீர் சுண்ணாம்புச் சத்தால் நிறைந்திருக்க வேண்டும். அளவு பார்த்து டாக்டர்தான் செய்ய வேண்டும். வெறும் புளிப்பு அரிக்க மட்டும்தான் செய்யும். இதை என்னிடம் சொல்லிவிட்டு, “பாதியச் சொன்னா நல்லாருக்கும்லலே?” என்றாள். அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

போன வைகாசியில் ஒரு திங்கட்கிழமை விளங்கியது.

அன்று அவள் சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். வேல்விழி, எம். புதுப்பட்டி. இருபது வயதுப் பெண் எழுந்து வந்தது. பின்னாலேயே அம்மா. உடம்பு போட்டு, காதோரம் நரைத்து, ஆள் மாறியிருந்தாள். வாயைத் திறந்தாளோ இல்லையோ பானுப்பிரியாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “கல்யாணம் வச்சிருக்கோம்மா, ஆவணியில. பிள்ளை பல்லுல வெள்ளையா விழுந்திருக்கு. போட்டோவுல தெரியும்ல?” பொன்னுத்தங்கத்துக்கு இவளைத் தெரியவில்லை. இவள் முகத்தில் மாஸ்க்.

டாக்டர் காற்றடித்துப் பல்லைக் காய வைத்துப் பார்த்தார். மேல் முன்பற்கள், நாலு புள்ளி. அதே நாலு பல். பெண் புதுப்பட்டியில் பேக்கிங் வேலைக்குப் போகிறதாம், புளிப்பு மிட்டாயை நாள் முழுக்க வாயில் போட்டுக்கொள்ளுமாம்.

“பயப்படாதீங்க. மேல்தோல் உடையல. இப்ப ஒரு மருந்து பூசிவிடுறேன், மூணு மாசத்துல உள்ள இறுகிரும். வீட்டுல ஒழுங்கா இருக்கணும். பானு, இவகளுக்கு என்ன செய்யணும்னு சொல்லிக் குடு.”

பக்கத்து அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். “கை நடுங்குச்சா?” என்று பிறகு நான் கேட்டேன். “எதுக்கு நடுங்கணும்?” என்றாள்.

“கொஞ்சம் புளிப்பு இருந்தாத்தான் சுண்ணாம்பு ஆளமா உள்ள போகும். டாக்டரே மருதைக்குப் போயிக் கேட்டுட்டு வந்தாக” என்று ஆரம்பித்திருக்கிறாள். பிறகு பதினெட்டு வருஷமாக மனசில் வைத்திருந்ததை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். “புளியும் கல்லுப்பும் சேத்துக் காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு நேரமும் தேயி. நாப்பது நாள்ல போயிரும்.”

வேல்விழி போனில் எழுதிக்கொண்டது. பொன்னுத்தங்கம் மகளுடைய கையைப் பிடித்தாள்.

“எழுதாத. புளியா? புளி வேண்டாம்மா.”

“ஏன் வேண்டாம்?”

“வேண்டாம்மா. முன்னால ஒரு பிள்ளைக்கு நான் அப்படிச் சொல்லி, அது பல்லே போயிருச்சு. நான் கண்ணால பாத்தேன்.”

“எந்தப் பிள்ளை?”

“எங்க தம்பிக்குப் பாத்த பிள்ளை. விஸ்வநத்தம். பேரு என்னமோ... மறந்துபோச்சு.”

“தெரியாம எதுக்குச் சொன்னீக?”

மாஸ்க் போட்டவளிடம் சொன்னால் என்ன என்று நினைத்தாளோ என்னவோ, பொன்னுத்தங்கம் உள்ளதைச் சொன்னாள். “எங்களுக்கு அந்த எடம் தோதுப்படல. சாத்தூர்ல வேற பேசி வச்சிருந்தோம். வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்ல? காப்பி குடிச்சாச்சு. இந்தா, இவ அந்தப் பிள்ளை மடியில ஒக்காந்திருக்கா. ஏதாச்சும் சொல்லிட்டு எந்திரிக்கணும்ல? அதான் பல்லத் தேயி, பாத்துப் பேசுவோம்னேன். அது நெசமாவே தேய்க்கும்னு யாரு கண்டா?”

இதைக் கேட்டபோது எனக்கே உடம்பு எரிந்தது. எங்கள் ஊரில் வேண்டாம் என்கிற வார்த்தையை யாரும் வாயால் சொல்வதில்லை. ஜாதகம் பார்க்கணும், மாமாவைக் கேட்கணும், ஆடி போகட்டும். கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு விட்டுவிடுவார்கள். சங்கிலிமுத்துவுக்கும் மகளுக்கும் அந்தச் சூது தெரியவில்லை. வாசலைத் தாண்டுவதற்காக ஒருத்தி உதறிவிட்டுப் போன பேச்சுக்கு இவள் நூற்றிருபது தடவை பல்லைத் தேய்த்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும். தான் சொன்னதால்தான் பல் போனது என்று தெரிந்துகொண்டே, பவுடர் உள்ளே இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாளே, அதற்கு என்ன செய்வது?

பானுப்பிரியா மாஸ்க்கைக் கழற்றினாள்.

“பானுப்பிரியா. சங்கிலிமுத்து மக. நெசமாத்தான் தேச்சேன் மதினி. நாப்பது நாளும் மூணு நேரமும். ஒரு நேரம் விடல.”

சொல்லிவிட்டு வாயில் விரலை விட்டுப் பல்செட்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்தாள். நாலு பல்லும் தட்டில் டக்கென்று விழுந்தன.

பொன்னுத்தங்கம் நாற்காலியிலிருந்து சரிந்து காலைப் பிடிக்கக் குனிந்தாள். பானுப்பிரியா காலை இழுத்துக்கொண்டாள். “கால்ல விழுந்தா பல்லு மொளைக்குமா? எந்திரிங்க. அங்கன போயி ஒக்காருங்க.” முன்பல் இல்லாமல் பேச்சில் காற்றுதான் பாதி வந்ததாம். அதனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னாளாம்.

பிறகு பெண்ணிடம் திரும்பினாள். “நான் சொன்னது பொய். அதை அழி. இப்ப எழுது. வேலையில மிட்டாய், புளி, எதையும் வாயில அடக்கக் கூடாது. புளிப்பு தின்னா சோத்தோட தின்னு முடிச்சிரு. தின்னதும் தண்ணி ஊத்திக் கொப்புளி, ஒடனே பல்லு வெளக்காத. எளகியிருக்கும், ஒரு மணி நேரம் விடு. எச்சில் பாத்துக்கிடும். டாக்டர் எழுதிக் குடுத்த பேஸ்ட்டை ராத்திரி வெளக்கிட்டுத் துப்பு, தண்ணி விட்டு அலசாத. பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் இங்கன வரணும்.”

அன்று சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்து இவ்வளவையும் சொன்னாள். நான் ஒன்று கேட்டேன். “அந்தப் பொம்பளை வாயத் தொறக்காம இருந்திருந்தா, அந்தப் பிள்ளையத் தேய்க்க விட்டிருப்பியா?”

“விட்டிருப்பேன்.”

“அந்தப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுச்சு?”

“நான் என்ன பாவம் செஞ்சேன்?”

எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. “மன்னிப்பு கேட்டாளா?” என்றேன்.

“கேட்டா. குடுக்கல. என்ன வேணும்னு கேட்டா. கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க, போட்டோவுக்கு எங்க தெருவுல சுந்தரபாண்டின்னு ஒருத்தன் இருக்கான், அவனையே சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.” எனக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு டீ சொன்னேன்.

வேல்விழி பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தனியாகவே வந்தது. அம்மா கூட வரவில்லை. பானுப்பிரியா காகிதத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள், காற்றடித்துப் புள்ளியைப் பார்ப்பாள், ஒழுங்காக இல்லை என்றால் ஏசுவாள். ஒரு தடவை பெண் கேட்டிருக்கிறது: “எங்க மேல கோவம் போகலையாக்கா?” “ஒன் மேல இல்ல. நீ என் மடியில ஒக்காந்த பிள்ளை. வாயத் தொற” என்றாளாம். ஆவணி பிறக்கும்போது மூன்று புள்ளிகள் காய வைத்தாலும் தெரியாத அளவுக்கு மறைந்திருந்தன. நாலாவது கிட்ட வந்து உற்றுப் பார்த்தால் மட்டும் மங்கலாகத் தெரியும்.

கல்யாணம் விருதுநகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பானுப்பிரியா அரக்கு நிறப் பட்டுச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டி முடிந்து சொந்தங்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து அவளும் ஏறினாள். பொண்ணு மாப்பிள்ளை பக்கம் போகவில்லை. பொன்னுத்தங்கத்தை ஒட்டி, தோளோடு தோள் நின்றாள். பொன்னுத்தங்கம் ஒதுங்கப் பார்த்தாள். பானுப்பிரியா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வழக்கம்போல, “எல்லாரும் இங்க பாருங்க, சிரிங்க” என்றேன்.

அவள் தலையைக் குனிந்தாள். பல்செட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். நிமிர்ந்தாள். இரண்டு கையும் கீழே இருந்தன. வாயை முழுசாகத் திறந்து, ஈறு தெரிய, நாலு பல் அகலத்துக்கு இருட்டு தெரிய, சிரித்தாள். பத்தொன்பது வயதுக்குப் பிறகு அவள் கையை எடுத்துச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் பொன்னுத்தங்கம் முகம் வெளிறி நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஒன்றுக்கு ஒன்பதாக அமுக்கினேன்.

பத்து நாள் கழித்துப் பொன்னுத்தங்கம் கடைக்கு வந்தாள். “தம்பி, அந்த ஒரு போட்டோ மட்டும் ஆல்பத்துல வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுல யாருன்னு கேக்காக. இல்லாட்டி கம்ப்யூட்டர்லயாவது அதுக்குப் பல்லு வச்சுருங்க. நீங்க வைப்பீகல்ல?”

வைப்பேன். பத்து நிமிஷ வேலை. மூக்கைச் சரி செய்திருக்கிறேன், மறுவை எடுத்திருக்கிறேன், செத்துப்போனவரைக் குடும்பப் படத்தில் நிறுத்தியிருக்கிறேன். அவளைப் பார்த்து ரொம்பத் தன்மையாகச் சொன்னேன். “நாப்பது நாள் போகட்டும்க்கா. அப்புறம் பாத்துப் பேசுவோம்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போனாள். நான் அந்தப் படத்தை ஆல்பத்தில் நடுப்பக்கத்தில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிசாகப் போட்டு அனுப்பினேன். ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் வேல்விழி புருஷனோடு கடைக்கு வந்தது, பாஸ்போர்ட் சைஸ் எடுக்க. பல் நன்றாக இருந்தது. ஆல்பம் பிடித்ததா என்று கேட்டேன்.

“பிடிச்சிருக்குண்ணே. ஆனா பாக்கிறவுக எல்லாம் அந்த நடுப்பக்கத்துல நின்னுருதாக. இந்தப் பொக்கவாய்க்காரி யாருன்னு எங்க அம்மாட்டதான் கேக்காக.”

“அம்மா என்ன சொல்லுது?”

“பேரச் சொல்லும். ஏன் பல்லு இல்லன்னு அடுத்து கேப்பாக. அம்மா எந்திரிச்சு உள்ள போயிரும்.”

அவர்கள் போனதும் பானுப்பிரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“பேரைச் சரியாச் சொல்லுதாளாமாலே?”

“சரியாத்தான் சொல்லுதாளாம்.”

“என்னன்னு சொல்லுதா? நீ ஒருக்காச் சொல்லு.”

“பானுப்பிரியா” என்றேன்.

“இன்னொருக்காச் சொல்லு” என்றாள்.